ஆஃப்-ரோடு ஆர்சி (ரிமோட்) கார்: சஸ்பென்ஷனையும் கியரையும் சரியாக அமைப்பது எப்படி?

மேட்டிலிருந்து இறங்கியதும் கார் இரண்டு முறை துள்ளிக் கவிழ்கிறது. வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பியும் மூக்கு நேராகவே போகிறது. ஐந்து நிமிடம் ஓட்டினால் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. இந்த மூன்றுக்கும் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: அலுமினியப் பாகம் வாங்குங்கள், கடினமான ஸ்பிரிங் போடுங்கள், பெரிய பினியன் (மோட்டார் ஷாஃப்டில் உள்ள கியர்) மாட்டுங்கள். முக்கால்வாசிக் கார்களுக்கு எதுவுமே வாங்கத் தேவையில்லை. ஏற்கெனவே இருப்பதைச் சரியான வரிசையில் அமைத்தால் போதும்.

வரிசை இதுதான்: இறுக்கமும் தேய்மானமும், டயர், ஷாக், ரைடு ஹைட் (தரையிலிருந்து காரின் அடி நிற்கும் உயரம்), முன்பின் சமநிலை, கடைசியாக கியர். கியர் கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. சஸ்பென்ஷன் சரியாகிப் பின்சக்கரங்கள் மண்ணைப் பிடிக்கத் தொடங்கினால் மோட்டாருக்குச் சுமை கூடும். சக்கரம் வழுக்கிச் சுழன்றபோது குளிர்ச்சியாக இருந்த மோட்டார், பிடிப்பு வந்ததும் சூடேறும். முதலில் கியரை முடிவு செய்தவர் அதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

உதாரணத்துக்கு 1:10 அளவுள்ள, பின்சக்கர இயக்கமுள்ள டிராக்ஸஸ் ஸ்லாஷ் வண்டியை எடுத்துக்கொள்கிறோம். 2008-இல் வந்த மாடல் இது. பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன, தொடக்க ஓட்டுநர்கள் பலரிடம் இருக்கிறது. வேறு பக்கி அல்லது டிரக் வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும், முறை மாறாது.

கையில் இருக்க வேண்டியவை

1.5, 2.0, 2.5 மி.மீ. ஆலன் கீ மூன்றும் நல்ல தரத்தில் வேண்டும். 3 மி.மீ. திருகுகளில் உருளைத் தலைக்கு 2.5, பட்டன் தலைக்கும் தட்டைத் தலைக்கும் 2.0, பினியனைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5. மலிவான கீயின் முனை உருண்டுபோய்த் திருகுத் தலையையும் கெடுத்துவிடும். பணத்தை மிச்சம் பிடிக்க இது இடமல்ல. இவற்றோடு ஸ்டீல் ஸ்கேல், சிறிய மூலைமட்டம், நீல நிற த்ரெட் லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை), சிலிக்கான் ஷாக் ஆயில் இரண்டு மூன்று கெட்டித்தன்மைகளில், தூரத்திலிருந்தே சூடு காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. நோட்டு இல்லாமல் ட்யூனிங் செய்பவர் மூன்றாவது மாற்றத்தில் எங்கிருந்து தொடங்கினோம் என்பதையே மறந்துவிடுவார்.

முதல் வேலை: கார் ஆரோக்கியமாக இருக்கிறதா?

நான்கு ஷாக்குகளையும் கீழ்ப்பக்கம் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஆர்மையும் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) மேலே தூக்கி விடுங்கள். அதன் எடையாலேயே அது தடையின்றிக் கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் ஷாக்கில் எந்த ஆயில் ஊற்றினாலும் பயனில்லை. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: வளைந்த ஹிஞ்ச் பின் (ஆர்ம் ஆடும் அச்சுக் கம்பி), ஆர்ம் துளைக்குள் சேர்ந்த மணல், அளவுக்கு மீறி இறுகிய பால் ஜாயின்ட். பின்னைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். வளைவு இருந்தால் தள்ளாடும். நிமிர்த்த முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். இறுகிய பால் கப்பை இடுக்கியால் மெதுவாக ஒருமுறை அழுத்தினால் தளர்ந்துவிடும். அடுத்தபடியாகச் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசான ஆட்டம் பரவாயில்லை. கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது.

சேசிஸ் முறுக்கேறியிருக்கிறதா என்று கண்ணாடி மேஜை மேல் வைத்துப் பாருங்கள். பேட்டரி ஒரு பக்கம் இருந்தால், காரின் முன்நடுவிலும் பின்நடுவிலும் விரல் வைத்துத் தூக்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். அதிகம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் ஈய எடை ஒட்டலாம். இல்லாவிட்டால் இடது வளைவில் நன்றாகவும் வலது வளைவில் மோசமாகவும் ஓடும் காரை வைத்துக்கொண்டு சக்கரங்களின் டோவையும் (மேலிருந்து பார்த்தால் உள்ளேயோ வெளியேயோ திரும்பிய கோணம்) கேம்பரையும் (முன்னிருந்து பார்த்தால் சாய்ந்த கோணம்) குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

டயர்

எல்லா ட்யூனிங்கையும் விடப் பெரிய மாற்றத்தைத் தருவது டயர். தூசி படிந்த தளர்ந்த மண்ணுக்கு உயரமான, இடைவெளி விட்ட முள் போன்ற பற்கள் வேண்டும். அவை மேல்மண்ணைத் துளைத்துக் கீழே உள்ள கெட்டியான தரையைப் பிடிக்கும். தண்ணீர் தெளித்து இறுக்கிய களிமண் தரைக்கு நெருக்கமான தாழ்ந்த பற்கள் போதும். அங்கே உயரமான பற்கள் வளைந்து கொடுத்து, கார் ரப்பர் மேல் நடப்பதுபோல் தள்ளாடும். தார்ச்சாலையில் ஆஃப்-ரோடு டயரை ஓட்டினால் ஒரு மாலையிலேயே பற்கள் பாதியாகிவிடும்.

ரிம்மிலோ டயரிலோ காற்று வெளியேறச் சிறு துளை இருக்க வேண்டும். துளையற்ற டயர் பந்துபோல் துள்ளும், அதைப் பார்ப்பவர் ஷாக்கைக் குறை சொல்வார். விளிம்பின் பசை விட்டிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திச் சுற்றிலும் பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபோம் நனைந்து ஊறியிருந்தால் அந்தச் சக்கரம் எடை கூடி அதிரும்.

ஷாக்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. ஷாக்கின் உள்ளே இருக்கும் ஆயிலும் துளையிட்ட பிஸ்டனும் ஸ்பிரிங்கின் அசைவைக் கட்டுப்படுத்துகின்றன. இந்த இரண்டு வேலைகளையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தவறுகளின் வேர்.

ஆயிலின் கெட்டித்தன்மையை ‘வெயிட்’ என்றும் ‘சிஎஸ்டி’ என்றும் இரண்டு விதமாகப் பாட்டிலில் எழுதுகிறார்கள். வெயிட் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒருவரின் 30 இன்னொருவரின் 30 அல்ல. சிஎஸ்டி என்பது அளவீட்டு அலகு, அதையே நம்புங்கள். டீம் அசோசியேட்டட் ஆயிலில் 25 வெயிட் 275 சிஎஸ்டி, 30 வெயிட் 350, 35 வெயிட் 425, 40 வெயிட் 500. ஒரு படிக்கு 75 சிஎஸ்டி என்று நினைவில் வைத்தால் வேறு நிறுவன ஆயிலையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஸ்லாஷ் போன்ற ஷார்ட் கோர்ஸ் டிரக்குக்கு (அகலமான பாடி கொண்ட பந்தய டிரக் வகை) முன்பக்கம் 425 அல்லது 500, பின்பக்கம் 350 சிஎஸ்டி நல்ல தொடக்கம். ஆயில் மாற்றும் முறை:

1. ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, மூடியைத் திறந்து பழைய ஆயிலைக் கொட்டுங்கள். சாம்பல் நிறத்தில் வந்தால் உள்ளே உலோகத் துகள் கலந்திருக்கிறது. துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும்.
2. ஷாஃப்டை வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் இருந்தால் அது ஓ-ரிங்கை அறுத்துக் கசியவைக்கும். ஷாஃப்டையும் ஓ-ரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.
3. பிஸ்டனை அடியில் இறக்கி வைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை ஆயில் ஊற்றுங்கள். பிஸ்டனை ஆயிலுக்கு மேலே வராதபடி மெதுவாக ஏற்றி இறக்குங்கள், குமிழிகள் கிளம்பும். பிறகு ஷாக்கை நிமிர்த்தி வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டால் காற்றும் ஆயிலும் நுரையாகக் கலந்து, ஓட ஓட ஷாக் மென்மையாகிக்கொண்டே போகும்.
4. ரப்பர் டயாஃப்ரத்தை வைத்து, ஷாஃப்டைப் பாதி உள்ளே தள்ளிய நிலையில் மூடியைத் திருகுங்கள். மிகையான ஆயில் வழிந்து வெளியேறட்டும்.
5. இப்போது ஷாஃப்டை முழுதாக உள்ளே தள்ளி விடுங்கள். சில மில்லிமீட்டர் மெதுவாக வெளியே வந்தால் சரி. சடாரென்று முழுதும் வெளியே வந்தால் ஆயில் அதிகம். முழுதாக உள்ளே போக மறுத்தாலும் அதே காரணம்தான். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டால் காற்று இருக்கிறது.
6. இடது வலது ஷாக்குகளை எதிரெதிரே வைத்து ஒன்றையொன்று தள்ளுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் உள்ளே போக வேண்டும். ஒன்று முந்தினால் பிந்தியதைத் திறந்து பாருங்கள்.

ஆயிலைப் போலவே பிஸ்டன் துளையும் முக்கியம். ஆனால் அதைப் பலர் தொடுவதே இல்லை. சின்னத் துளையும் நீர்த்த ஆயிலும், பெரிய துளையும் கெட்டி ஆயிலும் கையால் அழுத்தும்போது ஒரே மாதிரி தோன்றும். உயரத்திலிருந்து கார் விழும்போது வித்தியாசம் தெரியும். பிஸ்டன் மிக வேகமாக நகரும்போது சின்னத் துளையில் ஆயில் நெருக்கியடித்து ஏறக்குறைய பூட்டிக்கொள்ளும். இதை ‘பேக்’ என்பார்கள். பெரிய தாவல்களுக்குப் பேக் நல்லது, அடி தரையில் இடிக்காமல் காக்கும். ஆனால் சிறு மேடுகள் வரிசையாக வரும் தடத்தில் அதே பேக் சக்கரத்தைத் தரையிலிருந்து உதைத்துத் தள்ளும். 1:10 பந்தய பக்கிகளில் இரண்டு துளைகள் கொண்ட 1.6, 1.7 மி.மீ. பிஸ்டன்கள் வழக்கம். 0.1 மி.மீ. வித்தியாசமே ஓட்டத்தில் தெரியும்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். சிலிக்கான் ஆயில் சூட்டில் நீர்க்கும். காலை ஆறு மணிக்குச் சரியாக இருந்த 35 வெயிட், சென்னையின் மே மாத மதியத்தில் ஏறத்தாழ 30 போல நடந்துகொள்ளும். மதியம் ஓட்டுபவர் ஒரு படி கெட்டியாகத் தொடங்கலாம்.

ரைடு ஹைட்

பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி, ஓட்டத் தயாரான எடையில் காரை 15 முதல் 20 செ.மீ. உயரத்திலிருந்து சமதரையில் விடுங்கள். அது நின்ற இடத்திலேயே அளக்க வேண்டும். கையால் அழுத்தியோ தூக்கியோ வைத்தால் அளவு பொய் சொல்லும். பின்பக்கம் டிரைவ் ஷாஃப்ட்டுகள் தரைக்கு இணையாக நிற்பது எந்தக் காருக்கும் நம்பகமான தொடக்கம். அளவில் சொன்னால், மண் தடத்தில் 1:10 பந்தய பக்கிக்கு 20 முதல் 24 மி.மீ., ஷார்ட் கோர்ஸ் டிரக்குக்குச் சுமார் 26 முதல் 30 மி.மீ. தடம் கரடுமுரடானால் உயர்த்துங்கள், வழவழப்பானால் தாழ்த்துங்கள். கார் வளைவில் உருண்டால் முதலில் 2 மி.மீ. தாழ்த்திப் பார்ப்பதுதான் செலவில்லாத மருந்து.

உயரத்தை மாற்றுவது ஷாக் உடலில் உள்ள காலர் அல்லது ஸ்பிரிங்குக்கு மேலே செருகும் ஸ்பேசர். இதைச் சேர்த்தால் ஸ்பிரிங் கடினமாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிமனிலும் சுருள்களின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. ஸ்பேசர் காரை உயர்த்த மட்டுமே செய்யும். காரின் அடி இடிக்கிறது என்று ஸ்பேசரை அடுக்கிக்கொண்டே போனால், சக்கரம் கீழே தொங்குவதற்கான இடம் காணாமல் போய், பள்ளங்களில் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். கரடுமுரடான தடத்தில் ஷாக் நகரும் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழ்நோக்கித் தொங்க மிச்சம் இருப்பது நல்லது.

இரண்டு பக்கமும் காலர் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உயரம்தான் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் வித்தியாசம் 1 மி.மீ.-க்கு மேல் போனால் பலவீனமான ஸ்பிரிங்கையோ சேசிஸ் முறுக்கையோ தேடுங்கள்.

காரைப் படித்தல்

ஒரே தடத்தில் ஐந்தாறு சுற்று, ஏறக்குறைய ஒரே சார்ஜில். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றம் நன்றாகத் தெரிந்தால் பழைய நிலைக்குத் திரும்பி ஒருமுறை ஓட்டி உறுதி செய்யுங்கள், பல சமயம் மாறியது கார் அல்ல, ஓட்டுபவரின் கை. செல்பேசியில் மெதுவியக்க வீடியோ எடுத்தால் கண்ணுக்குத் தப்பிய துள்ளல் தெரியும்.

தாவி இறங்கும்போது அடி ‘டப்’ என்று இடித்து, மற்ற இடங்களில் நன்றாக ஓடினால் ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். ஆயிலை ஒரு படி கெட்டியாக்குங்கள், அல்லது பிஸ்டன் துளையைக் குறையுங்கள். இறங்கிய பிறகு மீண்டும் எகிறினால் ஸ்பிரிங் திரும்பி வருவதை ஆயில் அடக்கவில்லை, அங்கேயும் கெட்டி ஆயில்தான். ஆனால் சிறு மேடுகளில் சக்கரங்கள் தட்டித் தட்டிப் போனால் நேர்மாறு: ஆயிலை நீர்க்கச் செய்யுங்கள் அல்லது துளையைப் பெரிதாக்குங்கள். மேட்டின் முகட்டில் பின்பகுதி மட்டும் உதைத்து மூக்கு கவிழ்ந்தால் பின் ஷாக்கில் பேக் அதிகம், அல்லது பின் ஸ்பிரிங் கடினம்.

தாவலில் மூக்கு மேலே எழும்பி முதுகில் விழுவது ஷார்ட் கோர்ஸ் டிரக்குகளின் தனி வியாதி. அகலமான பாடி அடியில் காற்றைப் பிடித்துக் குடைபோல் தூக்கிவிடும். பின்சக்கரங்களுக்குப் பின்னால் பாடியில் துளைகள் வெட்டிவிட்டால் பெருமளவு தீரும். காற்றில் இருக்கும்போதே பிரேக்கைத் தொட்டால் மூக்கு இறங்கும், த்ராட்டில் கொடுத்தால் எழும்பும். சுழலும் சக்கரங்களின் வேகம் மாறும்போது எதிர்விசை உடலைத் திருப்புகிறது.

வளைவில் முன்பக்கமா பின்பக்கமா வழுக்குகிறது, நுழையும்போதா வெளியேறும்போதா என்று பிரித்துப் பாருங்கள். பொது விதி: எந்தப் பக்கம் பிடிப்பு போதவில்லையோ அந்தப் பக்கத்தை மென்மையாக்குங்கள் அல்லது எதிர்ப்பக்கத்தைக் கடினமாக்குங்கள்.

நுழையும்போது மூக்கு நேராகப் போனால் முன் ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்குங்கள், அல்லது முன்சக்கரங்களுக்கு அரை முதல் ஒரு டிகிரி வெளிநோக்கிய டோ கொடுங்கள். வெளியேறும்போது, த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு அகன்று போனால் கதை வேறு. பின்சக்கர இயக்கக் காரில் எடை பின்னால் சரிந்து முன்சக்கரங்கள் இலேசாகின்றன. பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கலாம். அல்லது முன் ஷாக்கின் உள்ளே பிஸ்டனுக்குக் கீழே 1 முதல் 2 மி.மீ. ஸ்பேசர் போட்டு, முன்பக்கம் மேலே எழும்பும் அளவைக் கட்டுப்படுத்தலாம். இது ஸ்டீயரிங்குக்குச் சட்டென்று உயிர் கொடுக்கும் வித்தை, ஆனால் கரடுமுரடான தடத்தில் 3 மி.மீ.-ஐத் தாண்டினால் முன்சக்கரம் பள்ளத்தைத் தொடாது.

நுழையும்போது வால் சுழன்றால் முதலில் இஎஸ்சியில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) டிராக் பிரேக் (த்ராட்டிலை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்) எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அதை 0-க்குக் கொண்டுவந்ததும் காணாமல் போகும் ஓவர்ஸ்டீயர் நிறைய. பின்னும் சுழன்றால் முன் ஸ்பிரிங்கை ஒரு படி கடினமாக்குங்கள். வெளியேறும்போது வால் சுழன்றால் பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள், ஸ்லிப்பரைத் (ஸ்பர் கியரில் உள்ள வழுக்கும் கிளட்ச், பின்னால் வருகிறது) தளர்த்துங்கள், இஎஸ்சியின் பன்ச் (தொடக்கத்தில் சக்தி பாயும் வேகம்) அளவைக் குறையுங்கள்.

ஷாக்கை மாட்டும் துளைகளும் கருவிகளே. டவரில் ஷாக்கின் மேல்முனையை உள்துளைக்கு நகர்த்திப் படுக்கவைத்தால் தொடக்க அசைவு மென்மையாகி, ஆழமாக அமுங்கும்போது கடினம் கூடும். ஆர்மில் கீழ்முனையை வெளித்துளைக்கு நகர்த்தினால் நெம்பு நீளம் கூடி மொத்தமாகக் கடினமாகும். துளை மாற்றியதும் ரைடு ஹைட் மாறும். மறுபடி அளக்காமல் ஓட்டினால் எந்த மாற்றம் வேலை செய்தது என்றே தெரியாது.

கேம்பர், டோ

நான்கு சக்கரங்களுக்கும் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்த 1 முதல் 2 டிகிரி கேம்பர் போதும். மூலைமட்டத்தைச் சக்கரத்தோடு சேர்த்து வைத்தால் கண்ணளவிலேயே பிடிபடும். டயர் தேய்மானம் உண்மையைச் சொல்லும்: உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் கேம்பர் அதிகம். பின்சக்கரங்களுக்கு உள்நோக்கிய டோ 3 டிகிரி அளவில் இருப்பது வழக்கம். பல கார்களில் அது பாகத்திலேயே பொதிந்திருக்கும், டர்ன்பக்கிளால் மாற்ற முடியாது. அதைக் குறைத்தால் நேர்வேகம் சற்றுக் கூடும், ஆனால் வால் நிலைகொள்ளாது. தளர்ந்த மண்ணில் அந்தப் பேரம் கட்டுப்படியாகாது.

டிஃபரன்ஷியல்

வளைவில் இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் டிஃபரன்ஷியலில் ஊற்றும் சிலிக்கான் ஆயில் ஷாக் ஆயிலைவிடப் பல மடங்கு கெட்டி. 1:10 பின்சக்கர காருக்கு 5,000 முதல் 10,000 சிஎஸ்டி. நீர்த்திருந்தால் வளைவின் உள்சக்கரம் வெறுமனே சுழன்று சக்தி வீணாகும். கெட்டியாக இருந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழன்று வால் பக்கவாட்டில் வழுக்கும். 1:8 நாற்சக்கர பக்கிகளில் முன், நடு, பின் என்று மூன்று டிஃபரன்ஷியல் இருக்கும், 7,000-7,000-3,000 பரவலான தொடக்கம். நடுவில் நீர்த்த ஆயில் இருந்தால் வேகமெடுக்கும்போது இலேசான முன்சக்கரங்கள் வழியே சக்தி ஓடிவிடும், முன் டயர்கள் பலூன்போல் உப்பும்.

கியர்: கணக்கு முதலில், திருகு பிறகு

பினியன் மோட்டார் ஷாஃப்டில் உள்ள சிறிய கியர், ஸ்பர் அதோடு கடிக்கும் பெரிய கியர். அதற்குப் பின் கியர்பாக்ஸுக்குள் மாறாத உள்விகிதம் ஒன்று இருக்கிறது. பின்சக்கர ஸ்லாஷில் அது 2.72. மொத்த விகிதம்:

ஸ்பர் பற்கள் ÷ பினியன் பற்கள் × உள்விகிதம்

86 பல் ஸ்பர், 19 பல் பினியன் என்றால் 86 ÷ 19 × 2.72 = 12.31. மோட்டார் 12.31 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். எண் குறைந்தால் உச்ச வேகம் கூடும், உந்துவிசை குறையும், சூடு ஏறும்.

3,500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3,500 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 7.4 வோல்ட் 2எஸ் (இரண்டு செல்) லிப்போ பேட்டரி என்று வைத்தால் சுமையற்ற நிலையில் நிமிடத்துக்கு 25,900 சுற்று. 12.31-ஆல் வகுத்தால் சக்கரத்துக்கு 2,104 சுற்று. சுமார் 109 மி.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு 0.342 மீட்டர். பெருக்கினால் மணிக்கு 43 கி.மீ. காற்றுத் தடையும் உராய்வும் கழித்தால் தடத்தில் இதைவிடக் குறைவாகவே வரும், ஆனால் ஒப்பிட இது போதும். பினியனை 21 ஆக்கினால் விகிதம் 11.14, வேகம் ஏறத்தாழ 48. 23 ஆக்கினால் 10.17, வேகம் 52.

இப்போது அதே காரில் 11.1 வோல்ட் 3எஸ் போட்டால், 19 பல்லிலேயே 65 கி.மீ. வந்துவிடும். பலர் தவறு செய்வது இங்கேதான்: பேட்டரியை ஏற்றிவிட்டுப் பினியனை அப்படியே விடுகிறார்கள். 3எஸ் மாட்டினால் பினியனை 15-க்கு இறக்குங்கள். விகிதம் 15.59, வேகம் 51. மோட்டார் நிம்மதியாக இருக்கும், உந்துவிசையும் மிச்சம்.

நுணுக்கமாக மாற்ற விரும்புபவர் ஸ்பரை மாற்றலாம். பினியனில் 19-லிருந்து 20 என்பது 5 சதவீதத்துக்கு மேல். ஸ்பரை 86-லிருந்து 83 ஆக்கினால் 3.6 சதவீதம்தான். டயர் மாற்றினாலும் கியர் மாறிவிடுகிறது என்பதை மறக்காதீர்கள். 109 மி.மீ. டயருக்குப் பதில் 120 மி.மீ. டயர் போட்டால் பினியனில் இரண்டு பல் கூட்டியதற்குச் சமம். பெரிய டயர் மாட்டிய மறுநாள் மோட்டார் எரிந்தால் மோட்டாரின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பல் அளவு பொருந்த வேண்டும். பிட்ச், மாட்யூல் இரண்டும் பல்லின் அளவைச் சொல்லும் இரு முறைகள். ஸ்லாஷின் ஸ்பர் 48 பிட்ச். டமியா கார்கள் பலவற்றில் வரும் 0.6 மாட்யூல் கியர் கண்ணுக்கு அதேபோல் தெரியும். ஆனால் 48 பிட்ச் என்பது 0.53 மாட்யூல். இரண்டையும் கலந்தால் சத்தம் போட்டுக்கொண்டே ஸ்பர் மழித்துப்போகும். 32 பிட்சும் 0.8 மாட்யூலும் மட்டும் ஏறக்குறைய ஒன்று, அவை சேர்ந்து ஓடும்.

மாட்டும்போது கிரப் ஸ்க்ரூ மோட்டார் ஷாஃப்டின் தட்டைப் பகுதியில் உட்காரும்படி திருப்பி, ஒரு துளி த்ரெட் லாக் இட்டு இறுக்குங்கள். ஸ்பருக்கும் பினியனுக்கும் நடுவே மெல்லிய தாள்துண்டு ஒன்றைச் செருகி, இரண்டையும் நெருக்கி மோட்டார் திருகுகளை இறுக்கி, பிறகு தாளை உருட்டி வெளியே எடுங்கள். ஸ்பரை விரலால் ஆட்டினால் நூலளவு ‘டிக்’ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்பர் சரியான வட்டமாக இருப்பதில்லை என்பதால் நான்கைந்து இடங்களில் திருப்பிப் பாருங்கள், மிக இறுக்கமான இடத்தில்தான் அந்த ‘டிக்’ தேவை. முதல் பேட்டரி ஓடியதும் மோட்டார் திருகுகளை மறுபடி சரிபாருங்கள்.

ஸ்லிப்பர் கிளட்ச்

அதிர்ச்சி வந்தால் வழுக்கிக் கியரைக் காக்கும் கிளட்ச் இது. ஸ்பரின் நடுவில் ஸ்பிரிங்கை அழுத்தும் நட்டால் இதை இறுக்குகிறோம். ஸ்லாஷில் ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்வரை இறுக்கி, பிறகு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்று வரை தளர்த்தித் தொடங்குங்கள். மண்ணில் நின்ற நிலையிலிருந்து முழு த்ராட்டில் கொடுத்தால் முதல் அரை மீட்டருக்கு ‘கீச்’ என்ற சத்தத்தோடு வழுக்கிப் பிறகு பிடிக்க வேண்டும். சத்தமே இல்லாமல் முன்சக்கரங்கள் எழும்பினால் இறுக்கம் அதிகம். பல மீட்டருக்கு ஓலமிட்டுக்கொண்டே போனால் தளர்வு அதிகம். கால் சுற்றுக்குக் கால் சுற்று மாற்றுங்கள்.

சூடு பார்த்து முடிவு செய்யுங்கள்

சிறிய பினியனில் தொடங்கி ஐந்து நிமிடம் உண்மையான வேகத்தில் ஓட்டி, நிறுத்திய உடனே மோட்டார் உறை, இஎஸ்சி, பேட்டரி மூன்றையும் அளவெடுங்கள். மோட்டார் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஒரு பல் கூட்டலாம். 60 முதல் 70 நல்ல இடம். 80-ஐத் தொட்டால் ஒரு பல் இறக்குங்கள். 90-ஐத் தாண்டினால் காந்தத்துக்கே ஆபத்து, அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். பேட்டரி 55-ஐத் தாண்டி உப்பலாக உணர்ந்தால் அதன் சி-அளவு (மின்னோட்டம் தரும் திறன்) காருக்குப் போதவில்லை. மணலிலும் உயரமான புல்லிலும் சாதாரண தடத்தைவிட இரண்டு பல் குறைவாக ஓட்டுங்கள். சுற்றுப்புறச் சூடு 38 டிகிரியாக இருக்கும் நாளில் முதல் அளவை மூன்றாவது நிமிடத்திலேயே எடுங்கள்.

பினியனைக் குறைத்தும் சூடு இறங்கவில்லை என்றால் கியரை விட்டுவிட்டு உராய்வைத் தேடுங்கள். காரைத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். பினியனைப் பிரித்துவைத்த நிலையில் அது தாராளமாகச் சுழல வேண்டும். நின்று நின்று சுழன்றால் பேரிங்கிலோ டிரைவ் ஷாஃப்ட்டிலோ தலைமுடி, நூல், புல் சுற்றியிருக்கும்.

ஸ்பர் போய்விட்டால் தூக்கி எறியும் முன் அதன் பற்களைப் பாருங்கள். எல்லாப் பற்களின் நுனியும் ஒரே சீராக மழிந்திருந்தால் கியர்கள் விலகி ஓடியிருக்கின்றன, மோட்டார் திருகு தளர்ந்திருக்கும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பற்கள் மட்டும் உடைந்திருந்தால் கல் சிக்கியிருக்கிறது, அல்லது முழு த்ராட்டிலில் தரையிறங்கியிருக்கிறது. காற்றில் வேகமெடுத்த சக்கரம் தரையைத் தொட்டுச் சட்டென்று மெதுவாகும் அந்த அதிர்ச்சி ஸ்பரில்தான் இறங்கும். நடுப்பகுதி உருகிப் பளபளத்தால் ஸ்லிப்பர் தளர்வு. பற்கள் பாதுகாப்பாக இருந்தும் பினியன் வெறுமனே சுழன்றால் கிரப் ஸ்க்ரூ ஷாஃப்டின் தட்டைப் பகுதியை விட்டு நழுவியிருக்கிறது. அந்தக் கீறல்களை அரத்தால் தேய்த்துச் சமமாக்கிய பிறகே அடுத்த பினியனை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் அது நேராக உட்காராது.